லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை தெரியவில்லையா? சிப்பின் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கிய மடிக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவியிருக்கிறீர்கள். திரை, ஒலி, டச்பேடு எல்லாம் சரியாக வேலை செய்கின்றன. வைஃபை மட்டும் தலைகாட்டவே இல்லை. மடிக்கணினியில் ஈதர்நெட் வசதியும் கிடையாது. உள்ளே இருப்பது ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ அட்டை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கிடைக்கும் டிரைவரை (அட்டையை இயக்கும் நிரலை) இறக்கி நிறுவலாமா, அட்டையையே கழற்றி மாற்றலாமா, விண்டோஸுக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மூன்றும் வேண்டாம். உங்கள் அட்டைக்கான டிரைவர் லினக்ஸின் மைய நிரலான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் நிறுவிய கெர்னல்தான் அதற்கு முந்தையது. இந்த அட்டைக்கான ஆதரவு கெர்னல் 6.2-இல் சேர்ந்தது, அது 2023 பிப்ரவரியில் வெளிவந்தது. டெபியன் 12 அதே ஆண்டு ஜூனில் வந்தாலும், நீண்டகாலப் பராமரிப்பு உள்ள 6.1 கெர்னலைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு பதிப்பு வித்தியாசத்தில் உங்கள் அட்டை வெளியே நின்றுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 6.12 கெர்னல் இருக்கிறது. அதற்கு மாறினால் பெரும்பாலும் வேறெதுவும் செய்ய வேண்டியிருக்காது. டெபியன் 12-லேயே இருக்க விரும்பினால், பழைய பதிப்புக்குப் புதிய தொகுப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை எடுங்கள். கூடவே ரியல்டெக் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) தொகுப்பையும் அங்கிருந்தே எடுங்கள். புதிய டிரைவர் புதிய ஃபர்ம்வேர் கோப்பைத் தேடும். பழையதை வைத்திருந்தால் பாதிக் கிணறு தாண்டிய கதையாகிவிடும்.

உங்களுக்கான விடை இவ்வளவுதான். ஆனால் ‘என் வைஃபையை லினக்ஸ் ஆதரிக்கவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பார்க்காமல் கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் ஒட்டிப் பார்த்து, நன்றாக இருந்த நிறுவலைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இணையத்துக்கு ஒரு வழி வேண்டும். வைஃபை டிரைவரை இறக்க வைஃபை வேண்டும் என்ற முட்டுச்சந்தில் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியே போதும். யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, கைபேசி அமைப்புகளில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதை ஒரு கம்பிவழி இணைப்பாகவே பார்க்கும். எதையும் நிறுவ வேண்டியதில்லை. பெரும்பாலான கைபேசிகள் தாங்கள் சேர்ந்திருக்கும் வைஃபையையும் இதே கேபிள் வழியாகக் கொடுக்கும். அப்போது மொபைல் டேட்டாகூடச் செலவாகாது.

அடுத்தது சிப்பின் எண். மடிக்கணினியின் பெயரைச் சொல்லி யாரிடமும் விடை கேட்காதீர்கள். ஒரே மாடல் பெயரில் வரும் மடிக்கணினிகளில் ஒரு தொகுதியில் இன்டெல் அட்டையும், இன்னொரு தொகுதியில் ரியல்டெக்கும், வேறொன்றில் மீடியாடெக்கும் இருக்கும். நண்பருடைய அதே மாடலில் எல்லாம் வேலை செய்கிறது என்பது உங்கள் இயந்திரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ (lspci -nnk) என்ற கட்டளையைக் கொடுங்கள். வரும் பட்டியலில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளி பிரிக்கும் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் நிறுவனத்தைக் குறிப்பது. 8086 என்றால் இன்டெல். தங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 பிராட்காம், 168சி ஏதெராஸ், 14சி3 மீடியாடெக். இரண்டாம் எண் அந்த நிறுவனத்தின் குறிப்பிட்ட சிப். இணையத்தில் தேடும்போது இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே தேடுங்கள்.

அருகருகே இருக்கும் எண்கள் ஏமாற்றும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மீடியாடெக்கின் எம்டி7921, எம்டி7922 இரண்டுக்கும் கெர்னலில் நல்ல டிரைவர் உண்டு. அதே குடும்பத்து எம்டி7902 அட்டையோடு மடிக்கணினிகள் கடைக்கு வந்த காலத்தில் லினக்ஸில் அதற்கு டிரைவரே இல்லை. ‘மீடியாடெக் வேலை செய்யும்’ என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கியவர்கள் பாவம், அந்த ஓர் எண்ணால் ஏமாந்தார்கள்.

அதே பட்டியலில் அட்டையின் வரிக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த டிரைவரும் அந்த அட்டையை ஏற்றுக்கொள்ளவில்லை. கெர்னல் பழையதாக இருக்கலாம், அல்லது கெர்னலில் டிரைவரே இல்லாமல் இருக்கலாம். அந்த வரி இருந்தும் வைஃபை வரவில்லை என்றால், டிரைவர் இருக்கிறது, வேறெதுவோ தடுக்கிறது. வழி இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது.

கெர்னல் பழையது என்றால் தீர்வு எளிது, மேலே சொன்னதுதான். ரியல்டெக்கில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அட்டை சந்தைக்கு வந்து வெகுநாள் கழித்தே டிரைவர் கெர்னலுக்குள் வருகிறது. மலிவு மடிக்கணினிகளில் எங்கும் காணப்பட்ட ஆர்டிஎல்8821சிஇ கெர்னல் 5.9-இல்தான் இடம்பெற்றது. அதற்கு முன் அதை வாங்கியவர்கள் எல்லோரும் வெளி டிரைவரைத் தேடி அலைந்தார்கள். அந்தக் காலத்தில் எழுதிய வழிமுறைகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. இன்றைக்கு அவற்றைப் பின்பற்றினால் உள்ளேயிருக்கும் நல்ல டிரைவரோடு வெளியிலிருந்து வந்த பழையது மோதும். ஆகவே எந்த வழிமுறையைப் படித்தாலும் அது எழுதப்பட்ட ஆண்டை முதலில் பாருங்கள். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளில் எச்டபிள்யுஇ என்ற பெயரில் புதிய கெர்னலைத் தனித் தொகுப்பாகவே தருகிறார்கள். புது மடிக்கணினிக்கு அதுதான் பொருத்தம்.

டிரைவர் இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ஃபர்ம்வேர் மேல். வைஃபை சிப்புக்குள் ஒரு சின்னப் பிராசசர் ஓடுகிறது. அதற்கான நிரல் பெரும்பாலும் சிப்பிலேயே இருப்பதில்லை. ஒவ்வொரு முறை இயந்திரம் தொடங்கும்போதும் டிரைவர் அதை வன்தட்டிலிருந்து எடுத்துச் சிப்புக்குள் ஏற்றுகிறது. அந்தக் கோப்பு இல்லாவிட்டால் டிரைவர் கைகட்டி நிற்கும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’ (dmesg) கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ‘பிழை -2’ என்று முடிந்தால் கோப்பு அங்கே இல்லை என்று பொருள். இன்டெல் அட்டைகளில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த டிரைவர் மிகப் புதிய பதிப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழிறங்கித் தேடும். அதனால் நாலைந்து -2 வரிகளுக்குப் பிறகு ஏதாவது ஒன்று ஏறிவிட்டால் கவலைப்பட எதுவுமில்லை.

இந்த ஃபர்ம்வேர் கோப்புகளை விநியோகிக்கலாம், ஆனால் மூலநிரல் கிடையாது. சுதந்திர மென்பொருள் கொள்கையை விட்டுக்கொடுக்காத டெபியன் பல ஆண்டுகள் இவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2022-இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவல் வட்டோடே வருகிறது. கொள்கையைக் கைவிட்டார்கள் என்று வருத்தப்படுவோரின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். முதல் நாளே இணையம் இல்லாமல் திகைத்து நிற்கும் புதியவர் சுதந்திர மென்பொருளைப் பற்றி என்றைக்குமே தெரிந்துகொள்ளாமல் போய்விடுவார்.

இனி பிராட்காம். உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் பழைய மடிக்கணினிக்கு உயிர் கொடுக்க நினைக்கும் யாரும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

2000-களின் தொடக்கத்தில் பிராட்காம் சிப்புகள் ஏராளமான மடிக்கணினிகளில் இருந்தன, ஆப்பிள் கணினிகள் உட்பட. நிறுவனம் லினக்ஸுக்கு டிரைவரும் தரவில்லை, சிப்பின் ஆவணங்களையும் தரவில்லை. என்டிஸ்ராப்பர் என்ற கருவியைக் கொண்டு விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஓட்டிச் சமாளித்தார்கள். இன்னொரு பக்கம் தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு நிறுவனத்தின் டிரைவரைப் பிரித்துப் படித்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று விளக்கக் குறிப்பு எழுதியது. அந்த டிரைவரைக் கண்ணாலும் பார்க்காத மற்றொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிய டிரைவரை எழுதியது. பதிப்புரிமைச் சிக்கல் வராமல் இருக்கவே இந்தப் பிரிவினை. அப்படிப் பிறந்த டிரைவர் 2006-இல் கெர்னல் 2.6.17-இல் சேர்ந்தது; பின்னர் பி43 என்ற பெயரில் திருத்தி எழுதப்பட்டது. ஃபர்ம்வேரை விநியோகிக்க அனுமதி இல்லாததால், பயனரே நிறுவனத்தின் டிரைவர் கோப்பை இறக்கி அதிலிருந்து வெட்டியெடுக்க ஒரு தனிக் கருவியும் செய்து வைத்தார்கள். இத்தாலியின் பிரெஷா பல்கலைக்கழகத்தில் சில சிப்புகளுக்குத் திறந்த ஃபர்ம்வேரையே எழுதினார்கள். ஒரு ஆவணம் கொடுத்திருந்தால் தேவைப்பட்டிருக்காத உழைப்பு இவ்வளவும். யாருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லாமல் இதைச் செய்தவர்களை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

2010 செப்டம்பரில் பிராட்காம் தானே ஒரு திறந்த டிரைவரை வெளியிட்டது. ஆனால் அது சில சிப்புகளுக்கு மட்டும்தான். மலிவு மடிக்கணினிகளில் பரவலாக வந்த பிசிஎம்43142, 2013 முதல் 2015 வரையிலான பல மேக்புக்குகளில் இருக்கும் பிசிஎம்4360 போன்றவற்றுக்கு ‘டபிள்யுஎல்’ என்ற மூடிய டிரைவர்தான் வழி. நிறுவனம் அதைக் கடைசியாகப் புதுப்பித்தது 2015-இல். அதன்பின் கெர்னல் மாறும்போதெல்லாம் டெபியன், உபுண்டு, ஆர்ச் பராமரிப்பாளர்கள் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அதை ஓடவைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பழைய மடிக்கணினி இருந்தால், டபிள்யுஎல்லை உங்கள் லினக்ஸ் விநியோகத்தின் (டெபியன், உபுண்டு போன்றவை) களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். அட்டையை மாற்ற முடிகிற மாடலாக இருந்தால் மாற்றிவிடுவதே என் பரிந்துரை. பதினொரு ஆண்டுக்கு முன்பே உற்பத்தியாளர் கைவிட்ட, உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாத நிரலை வீட்டு இணைப்பின் வாசலில் வைத்திருப்பது நல்லதில்லை.

நிறுவனங்கள் ஏன் மூடி வைத்தன என்பதற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. வைஃபை சிப்பின் அலைவரிசையும் திறனும் மென்பொருளால் கட்டுப்படுத்தப்படுபவை. நிரலைத் திறந்துவிட்டால் பயனர்கள் தடைசெய்யப்பட்ட அலைவரிசையில் ஒலிபரப்புவார்கள், அலைவரிசைகளை ஒழுங்குபடுத்தும் அமெரிக்காவின் எஃப்சிசி போன்ற அமைப்புகள் எங்கள் மேல் நடவடிக்கை எடுக்கும் என்றார்கள். ஏதெராஸ் நிறுவனமும் முதலில் இதைச் சொல்லித்தான் தன் டிரைவரின் அடிப்பகுதியை மூடி வைத்தது. பிறகு அதே நிறுவனம் 2008-இல் ஏடிஎச்9கே என்ற முழுமையான திறந்த டிரைவரை வெளியிட்டது. அந்த அட்டைகளின் பிசிஐ வகைகளுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்புகூட வேண்டாம். உலகில் எந்த ஒலிபரப்பும் குழம்பிவிடவில்லை. இன்றைக்கும் ஏஆர்9285, ஏஆர்9485 போன்ற ஏதெராஸ் அட்டைகள் உள்ள பழைய மடிக்கணினியில் எந்த லினக்ஸைப் போட்டாலும் வைஃபை முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். அதனால் அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை.

நீங்கள் கேட்ட கிட்ஹப் டிரைவருக்கு வருவோம். கெர்னலுக்குள் டிரைவர் இல்லவே இல்லை என்று உறுதியான பிறகு அது நியாயமான வழிதான். ஆனால் அதோடு வரும் சுமையைத் தெரிந்துகொள்ளுங்கள். கெர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவர் வட்டிக்கு வாங்கிய கடன் போன்றது. ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பும் ஒரு தவணை. டிகேஎம்எஸ் என்ற அமைப்பு புதிய கெர்னல் வரும்போதெல்லாம் டிரைவரை மறுபடி தொகுக்கும். அதற்குக் கெர்னலின் ஹெடர் தொகுப்பு நிறுவப்பட்டிருக்க வேண்டும். கெர்னலின் உள் இடைமுகங்கள் மாறினால் இந்த மறுதொகுத்தல் தோற்றுப்போகும், அன்று காலை வைஃபை இருக்காது. அதனால் பழைய கெர்னல் ஒன்றை அழிக்காமல் வைத்திருங்கள். தொடக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்து உள்ளே வரலாம். மேலும், தொகுத்தல் பிழையில்லாமல் முடிந்த பிறகும் டிரைவர் ஏறாமல், சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் செய்தி வந்தால், அது கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதியின் வேலை. கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. உபுண்டுவில் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்பார்கள். மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை சில விநாடிகள் மட்டும் வந்து நிற்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலரும் அந்தத் திரையைக் கடந்து போகவிட்டுவிட்டு டிரைவரைக் குறை சொல்கிறார்கள்.

டிரைவரும் ஃபர்ம்வேரும் சரியாக இருந்தும் வைஃபை அணைந்தே இருந்தால் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ (rfkill list) என்று கொடுத்துப் பாருங்கள். மென்தடை, அதாவது மென்பொருள் போட்ட தடை என்றால் ஒரு கட்டளையில் நீக்கலாம். வன்தடை, அதாவது வன்பொருள் போட்ட தடை என்றால் பக்கவாட்டில் சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். சுவிட்சே இல்லாத சில லெனோவோ ஐடியாபேடு மாடல்களில் ‘ஐடியாபேடு லேப்டாப்’ என்ற கெர்னல் பகுதி, வன்தடை இருப்பதாகத் தவறாகச் சொல்லும். அந்தப் பகுதியை ஏற்றாமல் தடுத்தால் சரியாகிவிடும். விண்டோஸையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதன் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் முழுவதும் அணையாமல் அட்டையை அரைத்தூக்கத்தில் விட்டுப்போவதுண்டு.

ஆர்டிஎல்8723பிஇ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ரூட்டர் பக்கத்தில் இருந்தால் மட்டும் சிக்னல் வருகிறது, அடுத்த அறைக்குப் போனால் போய்விடுகிறது என்றால், பெரும்பாலும் செலவு மிச்சம் பிடிக்க மடிக்கணினியில் ஒரே ஒரு ஆன்டெனாவை மட்டும் இணைத்திருப்பார்கள். டிரைவர் இணைக்கப்படாத மற்ற முனையில் காது வைத்துக்கொண்டிருக்கும். டிரைவரின் ‘ஏஎன்டி_செல்’ (ant_sel) என்ற அளவுருவை 1 அல்லது 2 என்று மாற்றிப் பார்த்தால் ஒன்றில் முழுச் சிக்னல் வந்துவிடும். இந்த ஒரு வரிக்காக எத்தனையோ பேர் மடிக்கணினியையே விற்றிருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அட்டையை மாற்றுவது கடைசி வழி என்றாலும் கடினமான வழி அன்று. முதலில் அட்டை மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அப்படித்தான், அப்போது மாற்ற வழியில்லை. தனி அட்டையாக இருந்தால், இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்கலாம். முன்னதற்குக் கெர்னல் 5.1-உம், பின்னதற்கு 5.10-உம் போதும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று ஒன்றில் முடியும் அட்டைகளைத் தவறியும் வாங்கிவிடாதீர்கள். அவை பார்வைக்கு அதே வடிவில் இருக்கும், அதே இடத்தில் பொருந்தவும் செய்யும். ஆனால் அவற்றில் வானொலிப் பகுதி மட்டுமே உண்டு. மீதிப் பாதி இன்டெலின் குறிப்பிட்ட தலைமுறைச் சிப்செட்டுக்குள் இருக்கிறது. ஏஎம்டி மடிக்கணினியில் அவை உயிர் பெறாது. விலை சற்றுக் குறைவாக இருப்பதால் இந்தக் குழியில் விழுபவர்கள் அதிகம்.

பழைய எச்பி, லெனோவோ மாடல்கள் சிலவற்றில், இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸே அனுமதித்த அட்டைகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். பட்டியலில் இல்லாத அட்டையைச் செருகினால் இயந்திரம் தொடங்கவே மறுக்கும். திங்க்பேடில் 1802, எச்பியில் 104 என்று பிழை எண் வரும். அங்கே அந்த நிறுவனம் அனுமதித்த அட்டைகளில் லினக்ஸில் ஓடக்கூடியதாகத் தேடி வாங்க வேண்டும். பழைய அரை அளவு அட்டையின் ஆன்டெனா முனையும் புதிய எம்.2 அட்டையின் முனையும் அளவில் வேறு. அழுத்திச் செருகினால் உடையும். மாற்றும்போது மின்கலத்தைக் கழற்றிவிட்டு, கறுப்பு வெள்ளைக் கம்பிகள் எந்த முனையில் இருந்தன என்று படம் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பற்றவைத்த அட்டைக்காரர்களுக்கு, யுஎஸ்பி முனையில் செருகும் சிறு வைஃபை கருவியான டாங்கிள்தான் மிச்சம். இங்கேயும் பெயரை நம்பக் கூடாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யுஎன்722என் என்ற டாங்கிளின் முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏஆர்9271 இருந்தது. லினக்ஸில் அது தங்கம், அதன் ஃபர்ம்வேரின் மூலநிரல்கூடத் திறக்கப்பட்டது. அதே பெயரில், அதே தோற்றத்தில் வந்த இரண்டாம் பதிப்பில் இருந்தது வேறு ரியல்டெக் சிப். பழைய பரிந்துரையைப் படித்துவிட்டுப் புதிய பதிப்பை வாங்கியவர்கள் திகைத்துப் போனார்கள். பெட்டியில் ‘லினக்ஸ் ஆதரவு’ என்று அச்சிட்டிருந்தாலும், பல சமயம் அது ஏதோ ஒரு பழைய கெர்னலுக்கான மூலநிரல் தொகுப்பு மட்டுமே. சில டாங்கிள்கள் செருகியவுடன் தங்களை விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடியாகக் காட்டிக்கொள்ளும். அவற்றை வைஃபை நிலைக்கு மாற்ற யுஎஸ்பி மோடுஸ்விட்ச் என்ற தொகுப்பு வேண்டும். மீடியாடெக் எம்டி7612யு, எம்டி7921ஏயு சிப்புகள் உள்ள டாங்கிள்களுக்குக் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது, முன்னதற்கு 4.19, பின்னதற்கு 5.18 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் போதும். கடைக்காரரிடம் வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் சிப் எது, பதிப்பு எது என்று கேளுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.